வைர மோதிரம் கொள்ளுமுன்

நம்மோடு இக்கல்லூரியிற் பயின்று, இப்பொழுது இராஜபாளையத்து நூல் ஆலையொன்றில் கணக்கராய் அமர்ந்திருக்கும் நண்பர் ஒருவருக்குச் சென்ற தை மாதத்தில் திருமணம் பேசி முடிந்தது. மணமகள் ஸ்ரீவில்லிபுத்தூரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை. நிச்சய நாளன்று அவர் விரலில் வைர மோதிரம் ஒன்று அணிவித்தல் வேண்டுமென்பது நண்பரின் ஆவல். அவருடைய தகப்பனாரோ அதன்பொருட்டுத் தம் சிறு மாந்தோப்பின் பத்திரத்தை அடகு வைக்கவும் துணிந்திருந்தார். "பொன்னென்றால் உரைத்துப் பார்க்கலாம், வைரத்தை எப்படிப் பார்ப்பது? இரசாயனம் படித்தவர்கள் உடன் வந்தால் நலமாயிருக்கும்" என்று பெரியவர் வேண்டிக்கொள்ளவே, நாம் இரண்டு நாட்கள் அவ்விரு ஊர்க் கடைவீதிகளிலும் அவர்களோடு சுற்றினோம். அப்பொழுது கண்டவற்றையும், அதன்முன் நூல்களிற் கற்றவற்றையும் தொகுத்து, இனி இத்தகைய கடமையை எதிர்நோக்கியிருக்கும் மாணவ நண்பர்களுக்குப் பயன்படுமென்று ஈண்டு எழுதுகின்றோம்.

வைரம் என்பது யாது? அடுப்பிற் கிடக்கும் கரியும், பென்சிலின் நடுவே இருக்கும் கரும்பொருளும், வைரமும் மூலப்பொருளால் ஒன்றே. 1772-ஆம் ஆண்டில் லவாய்சியர் என்னும் பிரெஞ்சு இரசாயனியார் பெரிய கண்ணாடி வில்லைகளால் சூரிய வெப்பத்தைக் குவித்து வைரத்தை எரித்துக் காட்டினார். 1797-இல் ஆங்கிலேயராகிய ஸ்மித்ஸன் டென்னன்ட் அது கரியே என்று ஐயமற நிறுவினார். அணுக்கள் அடுக்கப்பட்ட முறையொன்றே வேற்றுமைக்குக் காரணம். அம்முறையால் வைரம் இயற்கைப் பொருள்களுள் மிக்க கடினமுடையதாயிற்று. ஆயினும் கடினம் வேறு, உறுதி வேறு. வைரம் பிறவற்றைக் கீறும். ஆனால் சில தளங்களின் வழியே எளிதிற் பிளக்கும். ஆதலின், உண்மை வைரமாயின் சுத்தியலுக்கு உடையாதென்று நம்பிச் சோதித்தவர் வைரத்தையும் இழப்பர்.

அதன் ஒளிக்கும் காரணம் உண்டு. ஒளி முறிவெண் நீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு ஏறக்குறைய 1.5, வைரத்துக்கோ 2.42. உட்புகுந்த கதிர் எளிதில் வெளியேறாமல் உட்பட்டைகளில் மோதித் திரும்பி மேற்புறமே வந்து சேர்கின்றது. பட்டைகளின் கோணம் பிழைத்தால் ஒளி அடிப்புறமாய் ஒழுகிவிடும். கல் மங்கித் தோன்றும். மார்செல் டால்கௌஸ்கி என்பார் 1919-இல் இக்கோணங்களைக் கணக்கிட்டு வெளியிட்டார். இன்று நாம் காணும் 57 அல்லது 58 பட்டைகளுடைய வட்ட வைரம் அக்கணக்கின் வழிவந்ததே. நம் நாட்டுச் சர் சி. வி. ராமன் அவர்களும் 1940-களில் பெங்களூரில் வைரத்தின் ஒளியியல்பை விரிவாக ஆராய்ந்தார்.

நிற்க. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டில் வைரம் கிடைக்கும்வரையில் உலகிற்குப் பெரும்பாலும் வைரம் அளித்தது இந்தியாவே. கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள கொல்லூர்ச் சுரங்கத்தைப் பதினேழாம் நூற்றாண்டில் டாவர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர் நேரிற் கண்டு எழுதியுள்ளார். 1867-இல் தென்னாப்பிரிக்காவில் வைரம் கிடைத்தபின் வாணிகம் அங்கே சென்றது. அங்குள்ள ஜாகர்ஸ்பான்டைன் சுரங்கத்துக் கற்களே நம் பாட்டிமார் 'புளூ ஜாகர்' என்று பெருமையோடு கூறிய தோட்டு வைரங்கள். ஆயின், இன்றும் உலகத்து வைரங்களிற் பெரும்பகுதிக்குப் பட்டை தீட்டுவது குஜராத்திலுள்ள சூரத் நகரமே.

வைரத்தோடும் மூக்குத்தியும் நமக்குப் பழையன. நிச்சயத்துக்கு வைர மோதிரம் என்பது புதிது. ஐரோப்பாவில் 1477-இல் ஆஸ்திரிய இளவரசர் மாக்ஸிமிலியன், பர்கண்டி நாட்டு மேரிக்கு வைர மோதிரம் அளித்ததைப் பழைய சான்றாகக் கூறுவர். எனினும், எளியோரும் இதனைக் கடமையெனக் கருதத் தொடங்கியது டி பியர்ஸ் என்னும் வைர வாணிகக் குழுவின் விளம்பரங்களால். வைரம் என்றென்றும் நிலைப்பது என்னும் பொருள்பட்ட அவர்களுடைய புகழ்பெற்ற சொற்றொடர் 1947-இல் பிறந்தது. ஆதலின் இது வேதவிதியுமன்று, குலமுறையுமன்று. விருப்பமும் வசதியும் உள்ளவர் செய்துகொள்ளும் வழக்கமேயாம்.

இனி, கல்லைத் தெரிந்துகொள்ளும் முறை. இக்காலத்து வணிகர் எடை, நிறம், தெளிவு, பட்டை என்னும் நான்கு கொண்டு வைரத்தை மதிப்பர். இவை நமக்கு முற்றும் புதியனவல்ல. சிலப்பதிகாரத்தில் மதுரை மணிக்கடை வீதியைக் கூறுமிடத்து இளங்கோவடிகள், வைரத்தின் குற்றங்கள் நான்கினைப் பெயர் சுட்டிச் சொல்லுகின்றார். காகத்தின் அடிபோன்ற பிளவு, கறை, புள்ளி, கீற்று என அவற்றைப் பொருள் கொள்ளலாம். இன்று பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியால் நிபுணர் தேடுவதும் இவற்றையே. நிறத்தை அமெரிக்க மணியியல் கழகத்தார் வகுத்தபடி ஆங்கில எழுத்து டி முதல் இசட் வரை குறிப்பர். டி நிறமற்றது, கீழே செல்லச் செல்ல மஞ்சள் மிகும்.

எடையைப் பற்றி ஒரு மயக்கம் நீங்குதல் வேண்டும். பொன்னுக்குக் கேரட் என்பது தூய்மையளவு: 24-இல் 22 பங்கு பொன்னாயின் 22 கேரட். வைரத்துக்குக் கேரட் என்பது நிறை: ஒரு கேரட் 200 மில்லிகிராம், அதனை நூறாகப் பிரித்த ஒரு கூறு ஒரு சென்ட். ஒரு கேரட் வட்ட வைரத்தின் விட்டம் ஏறக்குறைய 6.5 மில்லிமீட்டர், அரைக் கேரட்டுக்கு 5.2, கால் கேரட்டுக்கு 4.1. எடை நான்கில் ஒன்றாய்க் குறைந்தும் அகலம் பாதிக்குமேல் நிற்பதைக் காண்க. விலையோ எடையின் அளவாக மட்டும் ஏறுவதன்று. பெரிய கல் கிடைப்பது அரிதாதலின் கேரட் ஒன்றுக்குரிய விலையே உயர்ந்துவிடும். சிக்கனம் வேண்டுவோர்க்கு இக்கணக்கு ஒன்றே பேருதவியாகும்.

போலிகளும் உள. 'அமெரிக்க வைரம்' என்று கடைகளில் வழங்குவது வைரமன்று. ஜிர்க்கோனியம் என்னும் உலோகத்தின் உயிரகச் சேர்க்கை. அதே பருமனுள்ள வைரத்தைவிட அஃது ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு கனக்கும். மாய்சனைட் என்பது சிலிக்கனும் கரியும் சேர்ந்த மற்றொரு செயற்கைக் கல். வெப்பத்தை நன்கு கடத்துவதால், கடைக்காரர் கல்மேல் வைத்துக் காட்டும் சாதாரண வெப்பச் சோதனைக் கோலை அஃது ஏமாற்றிவிடும். மூன்றாவது, ஆய்வுக்கூடத்தில் விளைந்த வைரம். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் 1954-இல் செய்து, 1955-இல் அறிவித்த அற்புதம் அது. இதனைப் போலி என்றல் தகாது. இதுவும் கரியே, வைரமே. ஆயினும் விலை மிகக் குறைவு. திருப்பி விற்கும்போது பெறும் தொகையும் மிகக் குறைவு. வேண்டுமென்று கேட்டு வாங்குவதிற் பிழையில்லை. நிலத்தில் விளைந்ததென்று எண்ணி அவ்விலை கொடுத்து இதனை வாங்குவதே ஏமாற்றம். வெறுங் கண்ணாலும் பூதக்கண்ணாடியாலும் இரண்டையும் பிரித்தறிய இயலாது. தக்க கருவிகளுடைய சோதனைச் சாலையே சொல்லுதல் கூடும். ஆதலாற்றான் சான்றிதழ் வேண்டும் என்கிறோம். 1931-இல் தோன்றிய மேற்கூறிய கழகமும், 1975-இல் ஆண்ட்வெர்ப் நகரில் தோன்றிய சர்வதேச மணியியல் நிறுவனமும் தரும் சான்றிதழ்கள் பெரிதும் மதிக்கப்படுவன. அவற்றின் எண், பல கற்களின் விளிம்பிலேயே நுண்ணிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.

இராஜபாளையத்தில் நாம் முதலிற் புகுந்த கடையில் ஐம்பது சென்ட் என்று சொல்லி ஒரு மோதிரம் காட்டினர். மேலே பளபளவென்றிருந்தது, பின்புறமோ பொன் தகட்டால் மூடியிருந்தது. சான்றிதழ் உண்டோ என்றோம். "நம்பிக்கைதான் ஐயா சான்றிதழ்" என்றார் கடைக்காரர். நிலத்து வைரமோ ஆய்வுக்கூடத்ததோ என்று வினவியதற்கு விடையில்லை. பொன்னுக்கு எவ்வளவு, கல்லுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும் மனமில்லை. மொத்தமாக ஒரு தொகையே கூறினார். அத்தொகைக்குத்தான் மாந்தோப்பு அடகு போக வேண்டியிருந்தது. பெரியவர் கல்லின் ஒளியில் மயங்கி நெடுநேரம் அதனைக் கையில் வைத்திருந்தார். நண்பரின் முகம் வாடியது. நாம் மெல்ல அவர்களை வெளியே அழைத்து வந்தோம். அதே வீதியில் மற்றொரு கடையின் முதியவர், "எங்களிடம் பொன் வியாபாரமே மிகுதி, வைரம் வேண்டுமாயின் மதுரையிலிருந்து சான்றிதழோடு தருவித்துத் தருவோம், அவசரப்படாதீர்கள்" என்று நேர்மையாகச் சொன்னார். அவருக்கு நாம் நன்றி கூறினோம்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றோம். தேரோடும் வீதியை அடுத்த சிறு கடையொன்றில் இருபத்தைந்து சென்ட் வைரம் பதித்த மோதிரம் இருந்தது. கல்லின் பின்புறம் திறந்திருந்தது. கடைக்காரரே பூதக்கண்ணாடியைக் கொடுத்து, சான்றிதழின் எண்ணையும் கல்லின் விளிம்பையும் ஒத்துப் பார்க்கச் சொன்னார். மோதிரம் 18 கேரட் பொன். 22 கேரட் மென்மையாதலின் கல்லைப் பற்றும் நகங்கள் எளிதில் வளைந்துவிடும் என்று காரணமும் கூறினார். உட்புறத்தில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், 750 என்ற எண்ணும், ஆறு எழுத்தெண்கள் கொண்ட தனிக்குறியும் இருந்தன. அக்குறியை அவ்வமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் இட்டுச் சரிபார்த்தோம். ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்: இம்முத்திரை பொன்னுக்கே சான்று, கல்லைப் பற்றி அஃது ஒன்றுஞ் சொல்லாது.

இரசீதையும் ஊன்றிப் படித்தோம். பொன்னின் நிகர எடை, கல்லின் எடை, செய்கூலி, சேதாரம், 3 வீத வரி என்பன தனித்தனியே எழுதப்பட்டிருந்தன. கல்லின் நிறையையும் பொன்னென்று கணக்கிட்டுவிடாதபடி இப்பிரிவினை காக்கும். திருப்பித் தந்தால் பொன்னுக்கு எவ்வளவு கழிவு, கல்லுக்கு எவ்வளவு கழிவு என்பதையும் நண்பர் கேட்டு அதே தாளில் எழுதுவித்துக் கொண்டார்.

பெரியவருக்கு இன்னும் ஒரு மனக்குறை. வைரத்தை மூன்று இரவு வீட்டில் வைத்துப் பார்த்தே கொள்ள வேண்டுமென்பது அவர் கேட்டறிந்த வழக்கம். கல் நன்மை தீமை செய்யுமென்பதற்கு அறிவியலில் ஆதாரமில்லை. ஆயினும் நாம் நகைக்கவில்லை. பெருந்தொகை செலவிடுமுன் மூன்று நாள் ஆறப்போடுதல் எவ்வாற்றானும் நன்றே. கடைக்காரரும் முன்பணம் பெற்றுக்கொண்டு இசைந்தார்.

அம்மூன்று நாட்களுக்குள் விரலளவுக்காக நண்பரின் தமக்கையார் மணமகள் வீட்டுக்குச் சென்றார். நூலிற் சுற்றிய அளவோடு ஒரு சொல்லும் வந்தது. "மாமா தோப்பை அடகு வைத்து வாங்கும் மோதிரம் எனக்கு வேண்டாம், மதினி, சின்னக் கல்லே போதும், கல்லில்லாவிட்டாலும் போதும்" என்றாராம் அந்த அம்மையார். பெரியவர் அதனைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு எழுந்து, வெளியே எடுத்து வைத்திருந்த பத்திரத்தை மீண்டும் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நண்பரின் சேமிப்பு இருபத்தைந்து சென்ட் மோதிரத்துக்குப் போதியதாயிருந்தது.

கோவலன் கதையில் சிலம்பினுள் இருந்தது முத்தா மாணிக்கமா என்பது, ஓர் உயிர் போனபின் உடைத்துப் பார்த்தே தெளிந்தது. முன்னரே ஆராய்ந்திருப்பின் அத்துன்பம் நேர்ந்திராது. கொடுக்குமுன் பார்த்தல், கேட்டல், எழுத்தில் வாங்குதல் என்னும் இம்மூன்றும் யாரையும் ஐயுறுதலாகா. நேர்மையான வணிகர் இவற்றை வரவேற்கவே செய்வர். நண்பர்களே, நீங்கள் வைரம் கொள்ளுங்கள், கொள்ளாதிருங்கள். உங்கள் தந்தையரின் தோப்பும் வயலும் ஒரு விரலின் ஒளிக்காக ஒழிந்துபோகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.