பள்ளி விழாக்களும் தாய்மொழியும்

அந்தமானில் சாத்தம் படகுத்துறையினின்று நீரைக் கடந்து அக்கரை சேர்ந்தால், பாம்பூஃப்ளாட் என்னும் சிற்றூரை அடையலாம். எதிர்க்கரையில் தெரிவது போர்ட் பிளேர் நகரம். 2024-ஆம் ஆண்டு முதல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். 2011-ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி, இத்தீவுகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளமும் தெலுங்கும் மலையாளமும் பேசும் பிள்ளைகளோடு சேர்ந்தே தமிழ்ப் பிள்ளைகளும் வளர்கின்றனர். அவர்கள் அனைவருக்கும் பொதுமொழி இந்தி. ஆகவே, தமிழ் அடுக்களையோடு நின்றுவிடுமோ என்னும் கவலை பெற்றோருக்கு எழுவது இயல்பே. பிற மாநிலங்களில் வாழும் நேயர்களும் இக்கவலையை அறிவீர்கள்.

இதற்கு ஒரு மருந்து தொடக்கப் பள்ளியின் விழா நாட்களிலேயே இருக்கிறது. அந்நாட்கள் நாட்டுக்குப் பொதுவானவை. எனினும், அவற்றுள் பலவற்றுக்குத் தமிழகத்தோடு தொடர்பு உண்டு.

செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். 1962 முதல் கொண்டாடப்பெறும் இந்நாள், டாக்டர் இராதாகிருஷ்ணனின் பிறந்த நாள். அவர் பிறந்த ஊர் திருத்தணி. பயின்றது சென்னைக் கிறித்துவக் கல்லூரி. அக்டோபர் 2 காந்தி ஜயந்தி. அண்ணல் தம் உடையைக் குறைத்து அரையாடை பூண்டது 1921-இல், மதுரை மாநகரில் அன்றோ! ஜனவரி 23 நேதாஜி பிறந்த நாள். அவர் 1943 டிசம்பர் 30 அன்று கொடியேற்றியது, பாம்பூஃப்ளாட் பிள்ளைகள் நாள்தோறும் காணும் அந்த எதிர்க்கரை நகரிலேதான். அவருடைய இந்திய தேசிய இராணுவத்தில் மலேயாத் தமிழர் பெருந்தொகையினராக இருந்தனர்.

யாவற்றினும் சிறந்த வாய்ப்பு டிசம்பர் 11. மகாகவி பாரதியின் பிறந்த நாளாகிய இதனை, 2022 முதல் மத்திய அரசு இந்திய மொழிகள் நாளாகக் கொண்டாடி வருகிறது. ஒவ்வொரு குழந்தையும் தன் தாய்மொழியில் பேசவும் பாடவும் ஏற்ற நாள் அது. தமிழ்க் கவிஞர் ஒருவரின் பெயரால் வங்காளப் பிள்ளையும் தெலுங்குப் பிள்ளையும் தத்தம் மொழியைப் போற்றுவது நமக்குப் பெருமை தருவது. அந்நாளில் நம் பிள்ளை வாய் மூடி நிற்பதோ நமக்குப் பெருங்குறை.

அரசியல் சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 1956-இல் சேர்க்கப்பெற்ற 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழி வழியே கற்பிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. அந்தமான் அரசுப் பள்ளிகளில் தமிழ்வழி வகுப்புகள் நடைபெற்று வந்திருப்பதும் இக்கருத்துக்கு இசைந்ததே. ஆயினும், வகுப்பு நிலைப்பதற்குப் பிள்ளைகள் வேண்டும். பிள்ளைகளுக்கோ தம் மொழிமீது பற்று வேண்டும்.

அப்பற்றை வளர்ப்பது எளிது. விழாவுக்குப் பத்து நாள் முன்னரே, அன்றைய பெரியவரைப் பற்றித் தமிழில் ஐந்து வாக்கியங்களைப் பிள்ளையே எழுதிப் பழகட்டும். இந்தி எழுத்தில் எழுதி ஒப்பிப்பது போதாது. தமிழ் எழுத்திலேயே எழுதுதல் வேண்டும். பின்னர், அதனை மேடையில் சொல்ல வாய்ப்புத் தருமாறு ஆசிரியரைப் பணிவுடன் கேளுங்கள். பிற மொழியினர் நடுவே தன் மொழியில் பேசிக் கைதட்டல் பெற்ற குழந்தை, அம்மொழியைப் பேசப் பின்னொரு நாளும் நாணாது.