மறுமொழி தராத வழங்கி

வீட்டு வழங்கி கோப்புகளைத் தடையின்றிப் பகிர்ந்துகொண்டே, பிங் கட்டளைக்கு மட்டும் வாய் திறவாதிருப்பது உண்டு. அதனைப் பழுதென முடிவு கட்டுமுன் பிங்கின் இயல்பை அறிதல் வேண்டும்.

அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வகமொன்றில் பணியாற்றிய மைக் மூசு, 1983 திசம்பரில் வலையமைப்புச் சிக்கலொன்றை ஆராயவே இந்நிரலை எழுதினார். இதற்கு அடிப்படையான கட்டுப்பாட்டுச் செய்தி நெறிமுறை 1981இல் வகுக்கப்பெற்றது. அதன் 8ஆம் வகைச் செய்தி எதிரொலியை வேண்டும். 0ஆம் வகை மறுமொழியாகத் திரும்பும். இச்செய்திகளுக்கு வாயில் எண் கிடையாது. எனவே, இணையப் பக்கங்களுக்காக 80, 443 ஆகிய வாயில்களைத் திறந்துவைப்பதால் பிங்குக்கு வழி பிறவாது.

ஆய்வை வீட்டுக்குள்ளிருந்தே தொடங்குக. ஒரே உள்வலையில் உள்ள மற்றொரு கணினியிலிருந்து பிங் அனுப்பியவுடன், அக்கணினியின் ஏஆர்பி அட்டவணையைக் காண்க. வழங்கியின் ஐபி முகவரிக்கு நேராக அதன் வன்பொருள் முகவரி புதிதாகப் பதிவாகியிருப்பின், வழங்கி உயிரோடுதான் இருக்கிறது. தடுப்பது பெரும்பாலும் அதன் தீயரணே. பதிவே இல்லையெனில் கம்பி, வைஃபை, முகவரி ஆகியவற்றை ஆராய்க. விருந்தினர் வைஃபை கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாது பிரித்துவைப்பதும் பலர் கவனிக்கத் தவறும் காரணமாகும்.

விண்டோசு, பொது வலையென்று குறிக்கப்பட்ட இணைப்பில் எதிரொலி வேண்டுகையை இயல்பாகவே மறுக்கும். லினக்சில் தீயரண் விதிகளோடு, எதிரொலியைப் புறக்கணிக்கும் கருனி அமைப்பின் மதிப்பு 0 ஆக உள்ளதா என்றும் பார்த்தல் நன்று. 1 எனில் வழங்கி வாளாவிருக்கும்.

வெளியிலிருந்து வரும் பிங்கின் நிலை வேறு. பொது முகவரிக்கு வரும் வேண்டுகைக்கு விடைதருவதோ மறுப்பதோ திசைவியே. வழங்கிக்கு அதில் பங்கில்லை. திசைவியின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியில் இருந்தால், இணையச் சேவையாளர் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கிறார் என்பது பொருள். அந்நிலையில் வெளியார் பிங் உங்கள் திசைவியையே எட்டாது.

பாதுகாப்பின் பெயரால் கட்டுப்பாட்டுச் செய்தி நெறிமுறை முழுவதையும் அடைப்பது பெருந்தவறு. பொதி பெரிதெனத் தெரிவிக்கும் 3ஆம் வகைச் செய்தியும் அதனால் மடிகிறது. சிறு பக்கங்கள் திறக்க, பெருங்கோப்புகள் பாதியில் நின்றுபோகும். ஐபி ஆறாம் பதிப்பிலோ, அண்டைக் கருவியைக் கண்டறிவதே கட்டுப்பாட்டுச் செய்திகளால்தான் நிகழ்கிறது. ஆதலின், உள்வலையில் எதிரொலிக்கு இசைவளியுங்கள். வெளியே வேண்டாமெனில் எதிரொலி வேண்டுகையை மட்டும் தடுங்கள்.