அகத்தியர்கூடம்: மலையேறுவோர் அறிந்துகொள்ள வேண்டியது என்ன?

திருவனந்தபுரம்: கேரள மாநிலத் தலைநகர் திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ள போனக்காட்டில் தொடங்குகிறது அகத்தியர்கூட மலையேற்றப் பாதை. ஆண்டுதோறும் ஜனவரியில் கேரள வனத் துறை இப்பாதையில் பயணிகளை அனுமதிக்கிறது. முன்பதிவு தொடங்கியவுடன் இடங்கள் நிரம்பிவிடுவது வழக்கம்.

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரமுள்ள இச்சிகரத்தில் அகத்திய முனிவரின் சிலை உள்ளது. தமிழுக்கு இலக்கணம் வகுத்தவராகவும் சித்த மருத்துவத்தின் முதல்வராகவும் போற்றப்படும் அகத்தியரை வழிபடச் செல்வோரும், காட்டையும் வன உயிர்களையும் காணச் செல்வோரும் ஒரே பாதையில் நடக்கின்றனர்.

இரு மாநிலங்களின் காடு

இம்மலையை மையமாகக் கொண்ட அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. கேரளத்திலும் தமிழகத்திலுமாக ஏறத்தாழ 3,500 சதுர கி.மீ. பரப்பில் விரிந்துள்ள இக்காப்பகம், 2016-இல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கேரளத்தின் நெய்யாறு, பேப்பாறை, செந்துருணி சரணாலயங்களும், தமிழகத்தின் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமும் இதில் அடங்கும். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களை வளப்படுத்தும் தாமிரவருணி இம்மலைத் தொடரில்தான் உற்பத்தியாகிறது.

யானை, சிங்கவால் குரங்கு, வரையாடு, நீலகிரி கருமந்தி உள்ளிட்ட உயிரினங்கள் இங்கு வாழ்கின்றன. 2,000-க்கும் மேற்பட்ட தாவர வகைகளும், மிளகு, ஏலம், ஜாதிக்காய், வாழை ஆகியவற்றின் காட்டு இனங்களும் இங்கு உள்ளன.

காணிகள் தந்த மூலிகை

இக்காட்டின் பூர்வகுடிகள் காணி மக்கள். 1987-ஆம் ஆண்டு ஆய்வுக்காக இம்மலைக்கு வந்த அறிவியலாளர்கள் ஏறமுடியாமல் களைத்தபோது, வழிகாட்டிகளாக வந்த காணிகள் மட்டும் சிறு பழம் ஒன்றைத் தின்றபடி சோர்வின்றி நடந்தனர். அது 'ஆரோக்கியப் பச்சை' எனும் மூலிகையின் பழம். அந்த ரகசியத்தை முதலில் வெளியிடத் தயங்கிய அவர்கள், பின்னர் செடியைக் காட்டினர்.

திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அம்மூலிகையைக் கொண்டு 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. அதைத் தயாரிக்கும் உரிமம் கோவையைச் சேர்ந்த ஆயுர்வேத நிறுவனம் ஒன்றுக்கு ரூ.10 லட்சத்துக்கு வழங்கப்பட்டது. உரிமத் தொகையிலும், விற்பனை மீதான 2 சதவீத ராயல்டியிலும் பாதியைக் காணி மக்களுக்கு அளிப்பதென முடிவானது. இதற்காக 1997-இல் அவர்களுக்கென அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது.

பாரம்பரிய அறிவுக்கு உரியவர்களுடன் பலனைப் பகிர்ந்துகொண்ட முன்னோடி நிகழ்வாக இது உலக அளவில் பேசப்படுகிறது. பலன் பகிர்வைக் கட்டாயமாக்கிய இந்தியாவின் உயிரியல் பன்மைச் சட்டம் இதற்குப் பின்னர், 2002-இல்தான் இயற்றப்பட்டது. ஆனால் மருந்துக்கான தேவை பெருகியபோது இலைகள் அளவுக்கு மீறிப் பறிக்கப்படலாம் என்ற அச்சம் எழுந்தது. வனத் துறை கட்டுப்பாடு விதித்தது.

வழிபாடும் உரிமையும்

சிகரத்துக்குப் பெண்கள் செல்ல நீண்டகாலம் அனுமதி இல்லை. பாலின அடிப்படையில் தடை விதிக்கக் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2018 நவம்பரில் உத்தரவிட்டது. அதையடுத்து 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறை அதிகாரி தன்யா சனல் சிகரத்தை அடைந்தார். அகத்தியரைக் குலதெய்வமாக வழிபடும் காணிகள் தங்கள் மரபு மீறப்படுவதாக எதிர்ப்புத் தெரிவித்தபோதிலும், எவரையும் வழிமறிக்கவில்லை. சமத்துவம் கோரும் உரிமையும், பழங்குடியினரின் வழிபாட்டு மரபும் எதிரெதிரே நின்ற அந்த நிகழ்வு, மலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை மீண்டும் எழுப்பியது.

பயணிகள் கவனத்துக்கு

போனக்காட்டிலிருந்து சென்று, அதிருமலை முகாமில் தங்கி, சிகரம் ஏறித் திரும்ப மூன்று நாள்கள் ஆகும். மது, நெகிழிப் பொருள்கள், பூஜைப் பொருள்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. வழிகாட்டி இன்றித் தனியே செல்வதும், செடிகொடிகளைப் பறிப்பதும் கூடாது. பயணிகளுக்கு இது மூன்று நாள் பயணம். காணிகளுக்கோ இதுவே வீடும் கோயிலும் மருந்தகமும். அதை உணர்ந்து நடப்பதே இப்பயணத்தின் முதல் விதி.