கடனைக் கழித்தால் வரவு!

‘‘ஐந்திலிருந்து மைனஸ் மூன்றைக் கழித்தால் எவ்வளவு?’’

ஏழாம் வகுப்பில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். ‘இரண்டு’ என்று நாலு குரல் கேட்கும். ‘மைனஸ் இரண்டு’ என்று இன்னும் நாலு குரல் வரும். ஒருவன் ஓரக்கண்ணால் பக்கத்து நோட்டைப் பார்ப்பான். விடை 8 என்று கரும்பலகையில் எழுதியதும் எல்லோர் முகத்திலும் ஒரே கேள்விதான் தெரியும். கழித்தால் குறைய வேண்டும். இது எப்படிக் கூடுகிறது?

நியாயமான சந்தேகம்! ‘மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ், மனப்பாடம் பண்ணு’ என்று சொல்லி உட்கார வைத்துவிடலாம். ஆனால், அப்படி உட்கார்ந்த பிள்ளை அதன்பிறகு கணக்குப் பாடத்தில் எழுந்திருப்பதே இல்லை. அதனால், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். வாங்க, சிங்காரப்பேட்டைக்குப் போகலாம்.

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஊத்தங்கரையைத் தாண்டியதும், செங்கத்துக்கு முன்னால் வருகிற ஊர் அது. ஒரு பக்கம் ஜவ்வாது மலை. மாவட்டம் முழுக்க மாந்தோப்பும் புளியமரமும்தான். நமக்கு இன்று வேண்டியது அந்தப் புளியமரம்தான். சரியாகச் சொன்னால், புளியங்கொட்டை.

பாட்டி தாயம் விளையாடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? புளியங்கொட்டையை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்டுத் தரையில் தேய்ப்பார்கள். அந்தப் பக்கம் வெள்ளையாகிவிடும். மறுபக்கம் கருப்பாகவே இருக்கும். அதே மாதிரி இருபது கொட்டைகளைத் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்கும்போது கொட்டை சுடும், ஜாக்கிரதை. அதை அடுத்தவன் கையில் வைத்து அலற விடுவது வேறு பாடம்!

இப்போது விதி. வெள்ளை தெரிந்தால் +1. கருப்பு தெரிந்தால் −1. ஒரு வெள்ளையும் ஒரு கருப்பும் ஜோடி சேர்ந்தால் பூஜ்ஜியம். அந்த ஜோடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம்.

−4 + 6 எவ்வளவு? நான்கு கருப்பு, ஆறு வெள்ளை. நான்கு ஜோடிகள் போய்விடும். மிச்சம் இரண்டு வெள்ளை. விடை +2. இது சுலபம்.

இனி நம் கேள்வி: 5 − (−3). தரையில் ஐந்து வெள்ளைக் கொட்டைகள் இருக்கின்றன. அதிலிருந்து மூன்று கருப்பை எடுக்க வேண்டும். கருப்பே இல்லையே, எங்கே போவது? இங்கேதான் ஒரு சின்னத் தந்திரம். ஒரு ஜோடி என்றால் பூஜ்ஜியம் அல்லவா? பூஜ்ஜியத்தை எத்தனை முறை சேர்த்தாலும் கணக்கு மாறாது. ஆகவே, மூன்று ஜோடிகளைக் கொண்டுவந்து வைக்கிறோம். இப்போது தரையில் எட்டு வெள்ளை, மூன்று கருப்பு. மதிப்பு இன்னும் ஐந்துதான். இனி அந்த மூன்று கருப்பையும் எடுத்துவிடுங்கள். மிச்சம்? எட்டு வெள்ளை!

யாரும் எதையும் மனப்பாடம் செய்யவில்லை. கொட்டையே விடை சொல்லிவிட்டது.

இதே கணக்கைக் கொட்டை இல்லாமல் ஒரு முறை தமிழ்நாடே பார்த்தது. 2021 பிப்ரவரியில், கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகள் வாங்கியிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாகத் தமிழக அரசு அறிவித்தது. யார் கையிலும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்கவில்லை. கடனை மட்டும் எடுத்தார்கள். ஆனாலும், ‘பணம் வந்த மாதிரி’ என்றுதான் கிராமங்களில் பேசிக்கொண்டார்கள். 50,000 ரூபாய் கடன் இருந்தவருக்கு அது −50,000. அதை நீக்குவது − (−50,000). அவர் நிலைமை 50,000 ரூபாய் மேலே ஏறிவிட்டது. மைனஸை மைனஸ் செய்தால் பிளஸ்!

கடன் என்றே பெயர் வைத்தவர்

இப்படிக் கடனை வைத்து விளக்குவது புது யோசனை அல்ல. சுமார் 1,400 வருடப் பழசு. இன்றைய ராஜஸ்தானில் பின்மால் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வாழ்ந்த பிரம்மகுப்தர், தனது முப்பதாவது வயதில், கி.பி. 628-ல் ‘பிரம்ம ஸ்புட சித்தாந்தம்’ என்ற நூலை எழுதினார். அதில் மிகை எண்ணுக்கு அவர் வைத்த பெயர் ‘தனம்’, அதாவது, செல்வம். குறை எண்ணுக்கு வைத்த பெயர் ‘ருணம்’, அதாவது, கடன். பூஜ்ஜியத்திலிருந்து கடனைக் கழித்தால் செல்வம், இரண்டு கடன்களைப் பெருக்கினால் செல்வம் என்று விதிகளை வரிசையாக எழுதி வைத்தார். இன்று உங்கள் புத்தகத்தில் ‘முழுக்கள்’ பாடத்தில் இருக்கும் அதே விதிகள்!

பெரிய மேதைக்கும் சறுக்கும். பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் பூஜ்ஜியம் என்று எழுதிவிட்டார். அதற்கு விடை கிடையாது என்பது பின்னால் வந்தவர்கள் முடிவு செய்தது.

சீனர்கள் அவருக்கும் முன்பே குச்சிகளை அடுக்கிக் கணக்குப் போட்டார்கள். சிவப்புக் குச்சி மிகை, கருப்புக் குச்சி குறை. நம் புளியங்கொட்டைக்குத் தூரத்து உறவு! ஐரோப்பாவிலோ இந்த எண்களைப் பார்த்தாலே முகம் சுளித்தார்கள். ‘அபத்த எண்கள்’ என்றுகூடச் சொன்னார்கள். 1758-ல் பிரான்சிஸ் மாசரெஸ் என்ற ஆங்கிலேயர், குறை எண்களை அல்ஜீப்ராவை விட்டே துரத்த வேண்டும் என்று ஒரு புத்தகமே எழுதினார். பிரம்மகுப்தர் விதி எழுதி 1,130 வருடம் ஆன பிறகு! எனவே, 5 − (−3) உங்களைக் குழப்பினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரிய பெரிய படிப்பாளிகளையே குழப்பிய சமாச்சாரம் அது.

இன்னொரு வேடிக்கை. 1881-ல் பெஷாவர் அருகே பக்‌ஷாலி என்ற கிராமத்தில் மண்ணைத் தோண்டியபோது மரப்பட்டையில் எழுதிய ஒரு பழைய கணக்குச் சுவடி கிடைத்தது. அதில் குறை எண்களுக்குப் பக்கத்தில் என்ன குறி போட்டிருக்கிறார்கள் தெரியுமா? நம்முடைய பிளஸ் குறி!

அணை சொல்லும் பெருக்கல்

கூட்டல், கழித்தல் சரி. மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ்? அதற்குக் கிருஷ்ணகிரி அணைக்குப் போக வேண்டும். தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே இருக்கும் இந்த அணையின் முழு உயரம் 52 அடி. (2017 நவம்பரில் ஒரு மதகு உடைந்து தண்ணீர் கொட்டியதே, அதே அணைதான்.) ஒரு கோடைக்காலத்தில் நீர்மட்டம் நாளுக்கு 2 அடி குறைகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதாவது −2. இன்று 40 அடி.

மூன்று நாள் கழித்து என்ன? 3 × (−2) = −6. நீர்மட்டம் 34 அடி.

மூன்று நாளைக்கு முன்னால் எவ்வளவு இருந்தது? முன்னால் போவதால் நாள் −3. குறைவு −2. அன்று இன்றைவிட 6 அடி அதிகமாகத்தானே இருந்திருக்கும்? 46 அடி! ஆகவே, (−3) × (−2) = +6. வேறு விடை வந்தால் அணைக்கே பொருந்தாது.

மாங்காய் எத்தனை கிலோ?

முழுக்கள் முடிந்து, அடுத்து வருவது இயற்கணிதம். ‘எண்ணே போதாதா, எழுத்து எதற்கு?’ என்று கேட்காத பிள்ளை உண்டா?

மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி பக்கம் போனால் பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் எடை மேடையில் வரிசையாக நிற்கும். வண்டியிலிருந்து மாங்காயை இறக்கித் தராசில் போடுவார்களா? மாட்டார்கள். சரக்கோடு ஒரு முறை எடை. சரக்கை இறக்கிய பிறகு காலி வண்டிக்கு ஒரு முறை எடை. அவ்வளவுதான். சரக்கோடு 9,800 கிலோ, காலி வண்டி 4,350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மாங்காயின் எடை தெரியாது. அதனால் அதை ‘ம’ என்போம்.

ம + 4,350 = 9,800

சமக்குறியை ஒரு தராசு என்று நினையுங்கள். இரண்டு தட்டும் நேராக நிற்கின்றன. ஒரு தட்டிலிருந்து 4,350 எடுத்தால், அடுத்த தட்டிலிருந்தும் 4,350 எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தராசு சாய்ந்துவிடும். ஆகவே, ம = 5,450.

‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்ற சூத்திரத்தை மட்டும் சொல்லித் தருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எதுவும் எங்கேயும் போவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது மாங்கூழ் தொழிற்சாலையில் அழுகல் கழிவு என்று 50 கிலோ கழித்துவிட்டுச் சீட்டில் 5,400 என்று மட்டும் எழுதுகிறார்கள். அப்பா கையில் அந்தச் சீட்டு. உண்மையில் எவ்வளவு இறக்கினோம்?

ம − 50 = 5,400

இதில் ம-வோடு ஒரு குறை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கை ஒடிந்த மாதிரி! இரண்டு பக்கமும் 50-ஐச் சேர்த்தால் ம முழுசாகிவிடும். ம = 5,450. எடை மேடைச் சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையே பார்த்துச் சொல்லிவிடலாம். ஒத்துப்போகாவிட்டால் அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய முதல் ஆள் நீங்கள்தான்.

கை ஒடிந்த கதையைச் சும்மா சொல்லவில்லை. கி.பி. 820 வாக்கில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி என்ற அறிஞர், தன் புத்தகத்தில் இந்த வேலைக்கு ‘அல்-ஜபர்’ என்று பெயர் கொடுத்தார். ஒடிந்ததை மறுபடி சேர்த்து முழுமையாக்குவது என்று அர்த்தம். ‘அல்ஜீப்ரா’ என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். ஒரு காலத்தில் ஸ்பெயின் நாட்டில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவரை ‘அல்ஜீப்ரிஸ்தா’ என்று அழைத்தார்கள். நம்மூர்க் கணக்கில், புத்தூர்க் கட்டுப் போடுகிறவர் எல்லோரும் அல்ஜீப்ராக்காரர்கள்!

பிரம்மகுப்தர் தெரியாத எண்ணுக்கு எழுத்தை வைக்கவில்லை, வண்ணங்களை வைத்தார். அவருக்குப் பின்னால் வந்த பாஸ்கரரும் கருப்பு, நீலம், மஞ்சள் என்று வண்ணங்களின் முதல் எழுத்தைப் போட்டுத்தான் கணக்குப் போட்டார்.

எழுத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. தெரியாத ஒரே எண்ணைக் குறிப்பது மட்டுமல்ல, மாறிக்கொண்டே இருக்கும் எண்ணையும் அது குறிக்கும். அதனால்தான் ‘மாறி’ என்று பெயர். தீக்குச்சிகளால் ஒரு சதுரம் செய்யுங்கள்: 4 குச்சி. ஒட்டி இன்னொன்று: 7 குச்சி. மூன்றாவது: 10. முதல் குச்சி ஒன்று. அதன்பின் சதுரத்துக்கு மூன்று மூன்றாகக் கூடுகிறது. சதுரம் ‘ச’ என்றால், குச்சிகள் 3ச + 1. நூறு சதுரத்துக்கு 301 குச்சி. நூறையும் செய்து பார்த்து எண்ண வேண்டியதில்லை! சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன், அல்ஜீப்ராவை இப்படி வடிவங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தார். 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் உருவாகக் காரணமானவரும் அவர்தான்.

நம் தாத்தாக்களும் சளைத்தவர்கள் அல்ல. காரி நாயனார் எழுதிய ‘கணக்கதிகாரம்’ என்ற பழைய தமிழ் நூலில், பலாப்பழத்தை வெட்டாமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்ல வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். முள் ‘மு’ என்றால், சுளை = 6மு ÷ 5. முழுசாக நம்பிவிட வேண்டாம்; பலாவின் தோலில் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூ இருந்த இடம், எல்லாப் பூவும் சுளையாவதில்லை. பலாக் காலத்தில் வீட்டுக்குப் பழம் வந்தால் முள்ளை எண்ணி எழுதி வைத்துவிட்டு, பிறகு சுளையை எண்ணிப் பாருங்கள். நடுவில் சாப்பிட்டதையும் சேர்த்து!

கடைசியாக ஒரு விளையாட்டு. நண்பனிடம் மனதில் ஓர் எண்ணை நினைக்கச் சொல்லுங்கள். அதை இரண்டால் பெருக்கி, 10 கூட்டி, பாதியாக்கி, முதலில் நினைத்த எண்ணைக் கழிக்கச் சொல்லுங்கள். ‘விடை 5!’ என்று நீங்கள் சொல்லிவிடலாம். காரணம், நினைத்தது ‘ந’ என்றால், 2ந, பிறகு 2ந + 10, பாதி ந + 5, அதில் ந-வைக் கழித்தால் 5.

‘நான் மைனஸ் ஏழை நினைச்சேன், என்ன பண்ணுவே?’ என்று ஒரு குறும்புக்காரன் கிளம்புவான். பயப்படாதீர்கள். இரண்டால் பெருக்கினால் −14. பத்தைக் கூட்டினால் −4. பாதி −2. அதிலிருந்து −7-ஐக் கழிக்க வேண்டும். −2 − (−7). அவன் விழிப்பான். நீங்கள் புளியங்கொட்டையை எடுங்கள்.