அந்தரத்தில் நிற்கும் சிறு விமானம்

குளத்தின்மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று இரைதேடும் கறுப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பலர் கண்டிருப்பர். நிலைத்த இறக்கையுடைய ஆகாய விமானத்துக்கு அவ்வாறு நிற்பது இயல்பன்று. முன்னோக்கிய ஓட்டம் நின்றால் இறக்கை தாங்காது; விமானம் வீழும். ஆயினும் மனிதன் அதனையும் முயன்று பார்த்தான். அமெரிக்காவின் கொன்வெயர் நிறுவனம் அமைத்த 'போகோ' என்னும் விமானம், வாலை நிலத்தில் ஊன்றி, மூக்கை வானுக்கு நிமிர்த்தியவாறே மேலெழுந்தது. 1954 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆந் திகதி ஸ்கீற்ஸ் கோல்மன் என்னும் விமானி அதனைக் கிடையாகவும் பறக்கவிட்டு, மீண்டும் வாலின்மீதே இறக்கினார். தோளுக்குமேலாகத் திரும்பிப் பார்த்து இறக்கவேண்டியிருந்த அவ்விமானம் வழக்கத்துக்கு வரவில்லை.

பெரிய விமானம் கைவிட்ட அவ்வித்தையை, றேடியோவினால் இயக்கப்படும் மாதிரி விமானங்கள் இன்று செய்துகாட்டுகின்றன. இப்போது மின்மோட்டார்கள் பெருகிவிட்டனவெனினும், எரிபொருளில் ஓடும் சிறு எஞ்சினைப் பழக்கி எடுப்பதில் மாணவர் கற்கவேண்டிய பௌதிகம் மிகுதியாக உண்டு.

இவ்வெஞ்சினின் உணவு மெதனோல். அதனோடு எண்ணெயும், சிறிதளவு நைத்திரோமெதேனும் கலக்கப்படும். நம் வீட்டு ஆமணக்கெண்ணெயே நெடுங்காலமாக அவ்வெண்ணெயாக உதவிவருகிறது. தீப்பொறிக்குப் பதிலாகப் பிளாற்றினச் சுருள் கொண்ட குளோ பிளக் இதில் உண்டு. தொடக்கத்தில் மின்கலத்தால் சூடேற்றப்படும் அச்சுருள், பின்னர் மின்சாரமின்றியே கனன்றுகொண்டிருக்கும்.

அந்தரத்தில் நிற்கும் வேளையில் விமானத்தின் பாரம் முழுவதையும் முன்விசிறியே சுமக்கிறது. ஆகவே அதன் இழுவிசை விமானத்தின் பாரத்தினும் மிகுந்திருத்தல் வேண்டும். விட்டம் பெரிதாயும் புரிகோணம் சிறிதாயும் உள்ள விசிறியே இதற்கு ஏற்றது. எஞ்சின் ஆளுயரத்தில் ஒரு கணம் தயங்கினாற்கூட, பல மாத உழைப்பு மண்ணில் சிதறிவிடும்.

எஞ்சின் தயங்குவதற்குக் காரணங்கள் மூன்று. மூக்கு நிமிர்ந்தவுடன் எரிபொருட்டாங்கி காபுரேற்றருக்குக் கீழாகிவிடுகிறது. எரிபொருள் புவியீர்ப்பை எதிர்த்து ஏறவேண்டியிருப்பதால் கலவை மெலிகிறது. சைலன்சரிலிருந்து தாங்கிக்குச் செல்லும் சிறு குழாயின் அழுத்தம் இக்குறையை ஓரளவே ஈடுசெய்யும். இரண்டாவதாக, பறக்கும்போது கிடைக்கும் எதிர்காற்று இல்லாமையால் வெப்பம் ஏறுகிறது. எண்ணெய் எரிபொருளோடு கலந்தே வருதலால், கலவை மெலிந்தால் எண்ணெயும் குறையும் என்பதை மறத்தலாகாது. மூன்றாவதாக, எஞ்சின் முழுவேகத்திலன்றி நடுவேகத்தில் நெடுநேரம் ஓடுகிறது.

இனிச் சீராக்கும் முறையைப் பார்ப்போம். எஞ்சின் நன்கு சூடேறியபின், திரொட்டிலை முழுதாகத் திறந்து, பிரதான ஊசிவால்வைச் சிறிது சிறிதாக மூடுக. வேகம் உச்சத்தை அடையும். அவ்விடத்தில் நிற்கலாகாது, நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்றுகள் குறையும்வரை மீண்டும் திறக்கவேண்டும். பின்னர் உதவியாள் ஒருவர் விமானத்தை உறுதியாகப் பற்றி, மூக்கைச் செங்குத்தாக உயர்த்திப் பத்து விநாடி பிடிக்கட்டும். வேகம் சற்றே கூடினால் நன்று. கலவையில் சிறிது செறிவு எஞ்சியிருந்ததென்பது பொருள். வேகம் தளர்ந்தால் கலவை முன்னமே மெலிந்திருந்தது; ஊசியை இன்னும் திறக்கவேண்டும்.

அடுத்துத் தாழ்வேக ஊசி. எஞ்சின் மெதுவாக ஓடும்போது எரிபொருட்குழாயை விரலால் நெரித்துப் பார்க்கலாம். உடனே நின்றால் கலவை மெலிவு. வேகம் மிக ஏறிப் பின் நின்றால் செறிவு மிகுதி. சற்றே ஏறி நின்றால் சரி.

இறுதிச் சோதனையே முக்கியமானது. மூக்கை நிமிர்த்தி, பாதித் திரொட்டிலில் அரை நிமிடம் ஓடவிட்டுச் சட்டென முழுதும் திறக்கவேண்டும். புகையைக் கக்கித் திணறினால் நடுவேகத்தில் எரிபொருள் தேங்கியிருக்கிறது. தாழ்வேக ஊசியைச் சிறிது மூடுக. ஓசையற்று விக்கினால் சிறிது திறக்குக. தாங்கி வெறுமையாகும் நிலையிலும் இச்சோதனையை மீட்டுச் செய்க. மட்டம் தாழத்தாழ எரிபொருள் ஏறவேண்டிய உயரம் கூடுமன்றோ?

இவ்வேலைகளிலெல்லாம் சுழலும் விசிறியின் பின்புறத்திலேயே நிற்றல் வேண்டும். முன்புறத்திலும், விசிறி சுழலும் தளத்திலும் ஒருவரும் நிற்கலாகாது. அது விரலைத் துண்டிக்கும் கத்தி, விளையாட்டுப் பொருளன்று. சிறுவர் பெரியோர் துணையின்றி இதனைத் தொடவே கூடாது.

உச்சவேகத்தில் எழும் கூரிய ஓசை இளைஞர் செவிக்கு இன்பமாயிருக்கும். அந்த இன்பத்துக்காகக் கடைசி 300 சுற்றுகளையும் பறித்துக்கொண்டவனின் விமானம் தரையில் முழங்கும், அந்தரத்தில் கைவிடும். அவற்றை விட்டுக்கொடுத்தவனின் விமானமே, மூக்கை வானுக்கு நிமிர்த்தி, மீன்கொத்தியைப்போல நின்ற இடத்தில் நிற்கும்.