வர்ணம் நிற்க வேண்டிய எல்லை

திரைப்படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் நாம் கண்டு வியக்கும் கோட்டைச் சுவர்களும், துருவேறிய பீரங்கிகளும், மனித முகங்களும் ஆதியில் நிறமற்ற வெற்றுருவங்களே. சின்னஞ்சிறு முக்கோணங்களையும் நாற்கோணங்களையும் இணைத்துக் கட்டிய அவ்வுருவங்களின்மேல் ஒரு தட்டைச் சித்திரத்தைப் போர்த்திய பிறகுதான், மரம் மரமாகவும் இரும்பு இரும்பாகவும் நம் கண்ணுக்குத் தோன்றுகின்றன. இவ்வாறு போர்த்தும் வித்தையை, 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா சர்வகலாசாலையில் தாம் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆராய்ச்சி நூலில் வகுத்துரைத்தவர், பிற்காலத்தில் பிக்ஸார் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகக் கீர்த்தி பெற்ற எட்வின் காட்மல். போர்வையாகும் அச்சித்திரத்தைத் தொழிலில் உள்ளவர்கள் டெக்ஸ்சர் என்றும், அதைத் தாங்கும் உருவத்தை மாடல் என்றும் வழங்குகிறார்கள்.

மேடும் பள்ளமுமான உருவத்துக்குரிய சித்திரத்தைத் தட்டையான தளத்தில் தீட்டுவது எங்ஙனம்? தைத்த சட்டையின் தையலைப் பிரித்து, கையும் முதுகும் காலருமாக மேஜைமேல் பரப்பிவைப்பதுபோல, மாடலின் மேற்பரப்பையும் தக்க இடங்களில் பிரித்து ஒரு சதுரத்துக்குள் அடுக்கிவிடுகிறார்கள். இதற்கு யூவி விரிப்பு என்று பெயர். சதுரத்துக்குள் தனித்தனியே கிடக்கும் துண்டுகளுக்குத் தீவுகள் என்று பெயர். பக்கத்துக்கு 2048 பிக்சல் உள்ள இத்தகைய சதுரத்தைப் போட்டோஷாப், ஜிம்ப் போன்ற சித்திர மென்பொருளில் திறந்து வைத்துக்கொண்டு வர்ணம் தீட்டத் தொடங்கும்போது, தூரிகைக்கு எது மரம், எது இரும்பு என்ற பேதம் தெரியாதாகையால், அந்த விவேகத்தை அதற்கு வழங்குவதற்காகவே செலக்‌ஷன் என்னும் தேர்வு ஏற்பட்டிருக்கிறது. தேர்ந்த பகுதிக்கு வெளியே எவ்வளவு தாராளமாகத் தூரிகையை ஓட்டினாலும் ஒரு துளி வர்ணமும் ஒட்டுவதில்லை.

செவ்வகமாகத் தேரும் கருவியும், கையால் வளைத்துத் தேரும் லாஸ்ஸோவும், 1984-இல் பில் அட்கின்சன் இயற்றிய மேக்பெயின்ட் காலத்திலேயே வழக்கில் இருந்தவை. ஆயினும் இன்றைய தேர்வு, உள்ளே, வெளியே என்ற இரண்டே நிலைகளோடு முடிந்துவிடும் விஷயமன்று. ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பைக் கணினி குறித்துக்கொள்கிறது. 255 பெற்ற பிக்சல் வர்ணத்தை முழுவதும் ஏற்கும், 0 பெற்றது முழுவதும் மறுக்கும், இடைப்பட்டவை தத்தம் மதிப்புக்கேற்ப அரைகுறையாக ஏற்கும். திரையில் ஊர்ந்துகொண்டே இருக்கும் புள்ளிக்கோடு பாதிக்கு மேல் தேர்வான பகுதியை மட்டுமே சுற்றிவருவதால், அதை முழு எல்லையென்று நம்புவது பிரமையாகும். போட்டோஷாப்பில் க்யூ என்ற விசையை அழுத்தினால், தேர்வாகாத பகுதிகள் செந்நிறத் திரையால் மூடப்பட்டு, எல்லையின் உண்மை ஸ்வரூபம் வெளிப்படும்.

இரும்புப் பட்டை அடித்த ஒரு மரப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் விரிப்பில் மூவகை எல்லைகள் உண்டு. மூன்றையும் ஒரே விதமாக நடத்துவதுதான் புதியவர்களின் வேலையைக் காட்டிக்கொடுக்கும் குறை.

முதலாவது, பலகை முடிந்து பட்டை தொடங்கும் எல்லை. இது கத்தியால் கீறியதுபோல் கூர்மையாக இருக்கவேண்டும். இதை லாஸ்ஸோவால் கைநடுங்க வரைவதைவிட, பிளெண்டர் போன்ற மாடல் செய்யும் மென்பொருளிலேயே பலகைக்குச் சிவப்பு, பட்டைக்குப் பச்சை, பூட்டுக்கு நீலம் என்று வேற்றுமை விளங்கும் தனி நிறங்களைக் கொடுத்து, ஐடி மேப் என்ற அடையாளப் படமொன்றை எடுத்துக்கொள்வதே சிலாக்கியம். அப்படத்தை மேல் லேயராக வைத்து, நிறத்தைக் கொண்டு தேரும் மேஜிக் வாண்ட் கருவியில், நிற வேற்றுமையைப் பொறுக்கும் அளவாகிய டாலரன்ஸைப் பூஜ்யமாக்கி, விளிம்பை மழுக்கும் ஆன்டி-அலியாஸை நீக்கி, ஒட்டியுள்ள பிக்சல்களை மட்டும் எடுக்கும் நிபந்தனையையும் நீக்கிவிட்டுப் பச்சையைத் தொட்டால், எந்தத் தீவில் கிடந்தாலும் அத்தனை பட்டைகளும் ஒருங்கே தேர்வாகிவிடும். அப்படத்தை ஜேபெக்காகச் சேமித்தால் நிறங்கள் எல்லையோரத்தில் கலங்கி இந்தச் சௌகரியம் கெட்டுவிடுமாதலால், பிஎன்ஜியாகச் சேமிப்பதே முறை.

இரண்டாவது, காலம் வகுக்கும் எல்லை. பட்டையின் துரு மழைநீரோடு வழிந்து பலகையில் கறையாகப் பரவும் இடத்தில் கூர்மையான விளிம்பு இருந்தால், அது கறையாகத் தோன்றாமல் ஒட்டிய காகிதமாகவே தோன்றும். இங்கே தேர்வின் விளிம்பை ஃபெதர் கட்டளையால் மென்மையாக்கி, மேலும் அதைத் தூரிகையால் அங்கங்கே சிதைக்கவும் வேண்டும். இயற்கையில் கறை ஒரே சீராகத் தேய்ந்து மறைவதில்லை.

மூன்றாவது, தீவின் கரை. கரையோடு வர்ணத்தை நிறுத்துவதே நியாயமென்று எவருக்கும் தோன்றும், உண்மையோ நேர்மாறானது. பொருள் தொலைவில் தெரியும்போது, கணினி டெக்ஸ்சரின் சிறிய பிரதிகளைப் பயன்படுத்துகிறது. 1983-இல் லான்ஸ் வில்லியம்ஸ் வெளியிட்ட மிப்மேப் முறைப்படி 2048 என்பது 1024, 512, 256 என்று பாதி பாதியாகக் குறைந்து செல்லும். அவ்வாறு குறையும் ஒவ்வொரு படியிலும் அண்டைப் பிக்சல்கள் கலந்து சராசரியாவதால், தீவுக்கு வெளியே கிடக்கும் வெண்மையோ கருமையோ உள்ளே கசிந்து, பெட்டியின் மூலைகளில் வெளிறிய கோடாகத் தெரியத் தொடங்கும். ஆதலால் தேர்வைக் கரைக்கு வெளியே 16 பிக்சல் அளவு விரித்து அதே நிறத்தை நிரப்பிவிடுவது வழக்கம். நான்கு முறை பாதியானாலும் ஒரு பிக்சல் காப்பாக எஞ்சும். இதற்கு இடம் கொடுக்கும்படி, விரிப்பை அடுக்கும்போதே தீவுகளுக்கிடையே போதிய இடைவெளி விட்டிருப்பது அவசியம்.

சிரமப்பட்டு அமைத்த தேர்வைப் பயன்படுத்தியதும் கைவிட்டுவிடலாகாது. அதை ஒரு சேனலாகச் சேமித்துவைத்தால், நாளை பட்டையை இரும்பிலிருந்து பித்தளையாக மாற்றவேண்டி வரினும் ஒரு நிமிஷத்தில் காரியம் முடியும். இந்நாளில் சப்ஸ்டன்ஸ் பெயின்டர் போன்ற மென்பொருள்கள் மாடலின்மேலேயே நேராகத் தீட்டவும், கரையைத் தாமே விரித்துக்கொள்ளவும் வல்லவையாக இருப்பினும், எந்த எல்லை கூர்மையாகவும் எது மென்மையாகவும் இருக்கவேண்டும் என்ற தீர்ப்பை அவை நமக்காக வழங்குவதில்லை. புதிதாகப் பழகுவோர் தூரிகையை எடுக்குமுன், தம் எதிரே உள்ள எல்லை பொருளால் ஆனதா, காலத்தால் ஆனதா, விரிப்பால் ஆனதா என்று வினவிக்கொள்வார்களாக; விடை தெரிந்துவிட்டால், எந்தக் கருவியை எடுப்பது என்பதில் சிக்கல் இராது.