குத்தூசி மருத்துவமும் மூளைக் குருதியோட்டமும்

குத்தூசி மருத்துவம் (அக்குபஞ்சர்) என்பது உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசிகளைச் செருகிச் செய்யப்படும் சீன மரபு மருத்துவ முறையாகும். அப்புள்ளிகளை விரலால் அழுத்துவது அக்குபிரசர் எனப்படுகிறது. இவை மூளையின் குருதியோட்டத்தில் என்ன மாற்றத்தை உண்டாக்குகின்றன என்பது பல ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது.

மூளைக்குச் செல்லும் குருதி

வளர்ந்த மனிதரின் மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறக்குறைய 15 விழுக்காட்டை, அதாவது நிமிடத்திற்குச் சுமார் 750 மில்லிலிட்டரை, அது பெறுகிறது. இரத்த அழுத்தம் ஓரளவு கூடினாலும் குறைந்தாலும், மூளையின் நாளங்கள் தாமே சுருங்கியும் விரிந்தும் மொத்த ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்கின்றன. அதே வேளையில், மூளையின் எப்பகுதி வேலை செய்கிறதோ அப்பகுதிக்குக் கூடுதல் குருதி பாய்கிறது.

ஊசி குத்தும்போது நிகழ்வது

ஊசி குத்தும் உணர்வும் விரல் அழுத்தும் உணர்வும் நரம்புகள் வழியே மூளையை எட்டுகின்றன. தொடுகையையும் வலியையும் உணரும் பகுதிகள் செயல்படும்போது அங்கே குருதியோட்டம் மாறுகிறது. குருதியிலுள்ள ஆக்சிசன் வேறுபாட்டைக் கொண்டு எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இதைக் காட்டுகிறது. ஆனால் கையைக் கிள்ளினாலும் இத்தகைய மாற்றம் தோன்றும். எனவே ஸ்கேனில் மாற்றம் தெரிவதை மட்டும் கொண்டு நோய் குணமாகிறது எனக் கூற இயலாது.

1998ஆம் ஆண்டு ஆய்வு

சாங்-ஹீ சோ தலைமையிலான குழு, அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. கண்ணோடு தொடர்புடையதாக மரபில் கருதப்படும், கால் சுண்டுவிரலின் ஒரு புள்ளியில் ஊசி செருகியபோது, மூளையின் பார்வைப் பகுதி செயல்பட்டதாக அது கூறியது. இது பெரும் கவனம் பெற்றது. ஆனால் பின்னர் செய்த ஆய்வுகளில், வலி தொடர்பாகப் புள்ளிக்குரிய தனித்தன்மை எதையும் காணாத அக்குழுவினர், 2006இல் தம் கட்டுரையை மீளப்பெற்றனர். தம் முடிவைத் தாமே மீண்டும் சோதித்துத் திருத்திக்கொள்வது அறிவியலின் நல்ல மரபாகும்.

பக்கவாதமும் தவறான நம்பிக்கையும்

பெரும்பாலான பக்கவாதங்கள் மூளைத் தமனியைக் குருதிக்கட்டி அடைப்பதால் வருகின்றன. பெரிய தமனி அடைபட்டால் நிமிடத்திற்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும்.

விரல் நுனிகளில் ஊசியால் குத்திக் குருதி எடுத்தால் பக்கவாதம் நீங்கும் என்ற செய்தி கைப்பேசிகளில் பரவி வருகிறது. விரலிலிருந்து வெளியேறும் சில துளிகள் மூளையிலுள்ள அடைப்பை அகற்றுவதில்லை. சிகிச்சைக்குரிய நேரமே வீணாகிறது. கழுத்தின் பக்கவாட்டில் பலமாக அழுத்துவதும் ஆபத்தானது. அங்குள்ள தமனியில் படிந்த கொழுப்பு பெயர்ந்து மூளைக்குச் செல்லக்கூடும்.

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் உடனே அவசர ஊர்தியை (இந்தியாவில் 108, இலங்கையில் 1990) அழைக்க வேண்டும்.